நீலத் தாழிக்குள்ளே

காலாப்பட்டை நடுவில் வைத்து, நாற்பது கிலோமீட்டர் ஆரத்தில் வரைபடத்தின் மேல் ஒரு வட்டம் போடுங்கள். வடமேற்கே திண்டிவனம் பக்கத்து அவுரிக் கொல்லைகள் உள்ளே வந்துவிடும். தென்மேற்கே செம்மண் மேட்டில் ஆரோவில்லின் இயற்கைச் சாயப் பட்டறை. தெற்கே புதுச்சேரி நகரமும் அதன் மூடிக்கிடக்கும் பஞ்சாலைகளும். அதற்கும் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-இல் அங்கே தோண்டியபோது செங்கல் தொட்டிகள் கிடைத்தன. மஸ்லின் துணிக்குச் சாயம் ஏற்றிய தொட்டிகள் என்று அவர் கருதினார். பின்னால் வந்தவர்களில் சிலர் அதில் ஐயப்பட்டார்கள். வட்டத்தின் கிழக்குப் பாதி ஏறக்குறைய முழுக்கக் கடல். அந்தக் கடல் வழியாகப் புதுச்சேரியின் நீலத் துணி ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது.

நூல், சாயம், தறி மூன்றையும் பற்றி அறிவியல் பேச இதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை. காலாப்பட்டில் 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வேதியியல் துறையும் இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்தில் வேதியியல் அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே நடந்துகொண்டிருந்தது. செய்தவர்கள் அதை வேதியியல் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் நூல். விளக்குத் திரிக்கு வைத்திருக்கும் பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு பக்கமும் இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் பிரிந்து வரும். இன்னொரு சிட்டிகையை எடுத்து, இழுத்துக்கொண்டே விரலால் முறுக்குங்கள். நூல் ஆகிவிடும், இழுத்தால் தாங்கும். பஞ்சில் எதையும் சேர்க்கவில்லை, பசை தடவவில்லை. பிறகு இந்த வலு எங்கிருந்து வந்தது?

பருத்தி விதையின் தோலில் முளைக்கும் முடிதான் பஞ்சிழை. ஓர் இழை என்பது ஒரே ஒரு செல். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு செல் வளர்வதே அதிசயம். காய் வெடித்ததும் அந்தச் செல் காய்ந்து, தட்டையான நாடாவாகி, தானே முறுக்கிக்கொள்ளும். இப்படிச் சுருண்ட இழைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது ஒன்றையொன்று பற்றும். நாம் மேலும் முறுக்கும்போது ஒவ்வோர் இழையும் மற்றவற்றைச் சுற்றிக்கொள்கிறது. இப்போது நூலை இழுத்தால், வெளியே சுற்றிய இழைகள் உள்ளே இருப்பவற்றை நெருக்குகின்றன. நெருக்கம் கூடக் கூட உராய்வு கூடுகிறது. இழுக்க இழுக்கப் பிடி இறுகும். அறுக்க நினைக்கும் விசையே நூலைக் காப்பாற்றும் விசையாகவும் மாறுகிறது. முறுக்கு குறைந்தால் நூல் நழுவிப் பிரியும். மிஞ்சினால் சுருண்டு கண்ணி விழுந்து ஒடியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவைத் தக்ளி சுற்றுகிறவர்களின் விரல் நுனி அறியும். அந்த அளவு விரலுக்குப் பிடிபடும் நாளில்தான் நூற்பு வேலையாக இல்லாமல் ருசியாக மாறும் என்பார்கள். உண்மைதான். நூற்கிறவர்களைப் பாதியில் எழுப்பிப் பாருங்கள், எழமாட்டார்கள்.

காலாப்பட்டுக் கடற்கரையில் இன்று வலை எல்லாம் நைலான். வலை ஊசியும், ஒரே அளவாகக் கண் விழ வைக்கும் கைப்பழக்கமும் மட்டும் பழையவை. நைலான் வருமுன் வலையும் பருத்திதான். பருத்தி என்றால் செல்லுலோஸ். ஈரம் பட்ட செல்லுலோஸை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். அதனால் பருத்தி வலைகளைத் துவர்ப்புப் பொருள் ஊறிய நீரில் போட்டெடுக்கும் வழக்கம் இருந்தது. துவர்ப்பைத் தரும் டானின் நுண்ணுயிர்களை அண்டவிடாது. வலைக்காரருக்குப் பாக்டீரியா எதிரி. சாயக்காரருக்கு அதே பாக்டீரியா கூலி கேட்காத வேலையாள். இனி அவர் கதை.

அவுரி இலைக்குள் நீலம் கிடையாது. அங்கே இருப்பது இண்டிகன் என்ற நிறமற்ற பொருள். இண்டாக்சில் என்ற மூலக்கூறு ஒரு சர்க்கரையோடு பிணைந்த நிலை. பூக்கும் தறுவாயில் செடியை அறுத்து, தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் வைத்துத் தண்ணீரில் மூழ்கடிப்பார்கள். ஓர் இரவு ஊறும். இலையில் இருக்கும் நொதியே சர்க்கரைப் பிணைப்பை வெட்டிவிடுகிறது. தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக மாறும். அதை அடுத்த தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே இறங்கிக் காலாலும் மட்டையாலும் மணிக்கணக்கில் அடித்துக் கலக்குவார்கள். கலக்கினால் காற்று சேரும். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும் இண்டாக்சில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இண்டிகோட்டின் ஆகும். அதுதான் நீலம். நுரை முதலில் வெள்ளையாக எழும், பிறகு நீலமாகும். அடியில் படிந்த குழம்பைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, துண்டு போட்டு நிழலில் காயவைத்தால் நீலக்கட்டி. இலையின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

இத்தனை பாடுபட்டு எடுத்த நீலக்கட்டியைப் பொடித்துத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நீலம் தண்ணீரில் கரையாது. துணியை அதில் முக்கினால் சேறு ஒட்டிய மாதிரி ஒட்டும், அலசினால் போய்விடும். நீலத்தைத் துணிக்குள் ஏற்ற வேண்டுமென்றால் முதலில் அதன் நீலத்தைப் பறிக்க வேண்டும். இண்டிகோட்டின் மூலக்கூறுக்கு இரண்டு எலெக்ட்ரான்களைக் கொடுத்தால் அது காரநீரில் கரையும் வேறொரு வடிவத்துக்கு மாறும். வெளிர்மஞ்சள் நிறம், லூக்கோ இண்டிகோ என்று பெயர். இந்த வடிவம் பருத்தி இழைக்குள் நுழையும். நுழைந்த பிறகு காற்றில் காட்டினால், எலெக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் இழந்து, மறுபடி கரையாத நீலமாகி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

எலெக்ட்ரான்களுக்கு எங்கே போவது? இன்றைய ஆலைகள் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டைக் கொட்டுகின்றன. சில நிமிடத்தில் காரியம் முடியும். கழிவுநீரில் கந்தக உப்புகள் மிஞ்சும். நம் ஊர்ச் சாயக்காரர் தகரை விதையை வேகவைத்தார். வெந்த விதையை நீலக்குழம்போடும் சுண்ணாம்போடும் உவர்மண் தெளிவோடும் தாழியில் சேர்த்து மூடி வைத்தார். விதையில் உள்ள மாவுப்பொருளை உண்டு பாக்டீரியா பெருகும். உணவைச் செரிக்கும்போது எந்த உயிருக்கும் எலெக்ட்ரான்கள் உபரியாகும். அவற்றை எதன் தலையிலாவது கட்டியாக வேண்டும். நாம் மூச்சிழுத்து ஆக்சிஜனிடம் கொடுக்கிறோம். மூடிய தாழிக்குள் ஆக்சிஜன் இல்லை, இண்டிகோட்டின்தான் இருக்கிறது. தாழி நீலம் இழப்பது இப்படித்தான்.

இந்தத் தாழிகளின் குடிகள் யார் என்று பார்க்க அறிவியல் வெகுகாலம் எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவில் அவுரிக்குப் பதில் வோட் என்ற செடியிலிருந்து இதே நீலத்தை எடுத்தார்கள். அந்தப் பழைய முறையில் அமைத்த தாழியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 1999-இல்தான் கிளாஸ்ட்ரிடியம் ஐசாட்டிடிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானியத் தாழிகளில் அல்கலிபாக்டீரியம் பேரினத்தைச் சேர்ந்தவை இருந்தன. கடுங்காரத்தில் வாழப் பழகிய உயிர்கள் இவை. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இன்னொன்று. பழைய ஐரோப்பியச் செய்முறைகளில் நீலத் தாழிக்குள் மஞ்சிட்டி வகைச் சிவப்பு வேர்ப்பொடியையும் போடச் சொல்லியிருக்கும். நீலத் தாழியில் சிவப்பு வேருக்கு என்ன வேலை? அந்த வேரில் உள்ள ஆந்த்ராகுவினோன்கள் பாக்டீரியாவிடமிருந்து எலெக்ட்ரான்களை வாங்கி, கரையாமல் கிடக்கும் நீலத் துகளிடம் சேர்க்கும் தரகு வேலையைச் செய்கின்றன என்று இப்போது தெரிகிறது.

தாழி விளைந்துவிட்டதா என்பதைப் பழைய சாயக்காரர் கண், மூக்கு, நாக்கு மூன்றாலும் பார்த்தார். மேலே தாமிர நிறத்தில் ஒரு ஏடு மினுங்க வேண்டும். அதை விலக்கினால் கீழே நீர் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெளிந்திருக்க வேண்டும். நடுவில் நீலநுரை மொத்தையாக நிற்க வேண்டும். காரம் கூடிவிட்டதா என்பதை ஒரு சொட்டை நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார்கள். (நீங்கள் வைத்துப் பார்க்க வேண்டாம்.) சுண்ணாம்பு மிஞ்சினால் பாக்டீரியா முடங்கும், குறைந்தால் தாழி புளித்துப்போகும். ஓயாமல் துணி முக்கினால் காற்று புகுந்து தாழி களைக்கும். ஓய்வு கொடுத்து மறுபடி தீனி போட வேண்டும். ஐரோப்பியச் சாயக்காரர் தாழியைச் சூடேற்றிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. சோழமண்டலக் கரையின் வெக்கை அந்த விறகுச் செலவை மிச்சப்படுத்தியது.

முக்கும் காட்சியை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். துணியை முதலில் வெறும் நீரில் நனைத்துப் பிழிவார்கள். மடிப்புக்குள் காற்று தங்கக் கூடாது. பிறகு நுரையை ஒதுக்கிவிட்டு, அலை எழாமல் இறக்கி, உள்ளேயே வைத்துக் கையால் பிசைவார்கள். வெளியே எடுக்கும்போது துணி வாழைக்குருத்தின் நிறத்தில் இருக்கும். உதறிப் பிரித்த மறுநொடியே ஓரங்களில் பச்சை கருக்கும். அடுத்து மேல்பரப்பு முழுக்க நீலம் ஓடும். மடிப்புக்குள் காற்று படாத இடத்தில் மட்டும் பச்சைக் கோடுகள் சற்று நேரம் நிற்கும், பிரித்துவிட்டதும் அவையும் போகும். எல்லாம் ஓரிரு நிமிடத்துக்குள். ஒரு முக்குக்கு வெளிர்நீலம்தான். கருநீலம் வேண்டுமென்றால் முக்குவதும் காற்றில் காட்டுவதும் பலமுறை நடக்க வேண்டும். ஆரோவில்லில் ‘கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ பட்டறை 1990-களிலிருந்து இந்த நொதிப்பு முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து நீலக்கட்டி உலகெங்கும் கைச்சாயம் போடுகிறவர்களுக்குப் போகிறது.

நீலம் இப்படி என்றால் சிவப்பு நேர்மாறு. சோழமண்டலத்துச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. சித்த மருத்துவர்கள் இம்பூறல் என்று சொல்லும் சிறு செடியின் வேர். கரையோர மணலில் நீளமாக இறங்கும். டச்சுக்காரர் ஆட்சியில் மன்னார், யாழ்ப்பாணம் பகுதிகளில் சாயவேர் தோண்டுவது அரசுக்கு வருவாய் தரும் தொழிலாக இருந்தது. வேரில் இருக்கும் அலிசரின் பருத்தியோடு தானாக ஒட்டாது. நடுவே ஓர் உலோகம் வேண்டும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் இழையையும் மறுகையால் அலிசரினையும் பிடித்துக்கொள்ளும். அலுமினியத்துக்குப் பதில் இரும்பு வைத்தால் சிவப்பு வராது, ஊதாவும் கறுப்பும் வரும். இந்தச் சிவப்பு நன்றாக ஒளிரக் கால்சியமும் வேண்டும். கிளிஞ்சல் நொறுங்கிக் கலந்த மணலில் வளர்ந்த வேருக்கு மதிப்பு அதிகம் என்பதன் காரணம் அங்கே இருக்கிறது.

ஐரோப்பாவால் இதை அவ்வளவு எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை. துவைத்தால் போகாத, வெயிலில் வெளுக்காத பூத்துணிகளை இந்தியர் எப்படிச் செய்கிறார்கள்? பிரான்சின் வேதியியலாளர் து ஃபே இதைத் தெரிந்துகொள்ள விரும்பினார். அவர் கேட்டுக்கொண்டபடி போலியூ என்ற கடற்படை அதிகாரி 1734 வாக்கில் புதுச்சேரியில் ஒரு பூத்துணி உருவாவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். பார்த்து எழுதியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்துக்கொண்டார். பதினொரு துண்டுகள். அந்தக் கையெழுத்துப் படி இன்றும் பாரிஸில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரிசோதனைக் குறிப்பேடு இதைவிட எப்படி இருக்க முடியும்? அடுத்து 1742-இல் இயேசு சபைப் பாதிரியார் கேர்து, தம்மிடம் மதம் மாறி வந்த சாயக்காரர்களிடம் கேட்டறிந்ததை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். தொழில் ரகசியத்தைப் பாதிரியாரிடம் சொல்லிவிட்டோமே என்று அவர்கள் பிறகு வருந்தினார்களா என்பதை எந்தக் கடிதமும் சொல்லவில்லை.

போலியூவும் கேர்தும் குறித்துவைத்த முறையின் முதல் படி கடுக்காயும் எருமைப்பாலும். துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் டானின் இழையோடு ஒட்டி, அடுத்து வரும் உலோகத்தைப் பிடிக்கத் தயாராக நிற்கும். பாலின் கொழுப்பு, தூரிகையால் வரையும் கோடு கசிந்து பரவாமல் தடுக்கும். வெல்லநீரில் இரும்பைப் போட்டுப் புளிக்கவைத்த கரைசலால் கோடு இழுத்தால் அந்த இடத்திலேயே கறுப்பு எழும். படிகாரக் கரைசலால் வரைந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. துணி முழுவதையும் சாயவேர்க் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகுதான் அது சிவந்து நிற்கும். மற்ற இடத்தில் ஏறிய சாயத்தைச் சாணநீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தி வெளுப்பார்கள். நீலம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மெழுகால் மூடித் தாழியில் முக்குவார்கள். உலோக அயனி, ஒளிச்சிதைவு, ஆக்சிஜனேற்றம் என்று இன்று மூன்று பாடத்தில் படிப்பது ஒரே துணியில் அடுத்தடுத்து நடந்திருக்கிறது.

ஆனால் புதுச்சேரிக்குப் பணம் கொடுத்தது பூத்துணியைவிட அதிகம் நீலத் துணிதான். ‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த, கருநீலத்தில் முக்கியெடுத்த முரட்டுப் பருத்தித் துணி. 18-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தியத் துணி கொடுத்து மனிதரை விலைக்கு வாங்கினார்கள். இந்தக் கரையின் அழகான கைத்தொழிலைப் பற்றி எழுதுகிறவர் அதையும் எழுத வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் இதே துணி கருவேலம் பிசினுக்கு மாற்றாக, ஏறக்குறைய நாணயமாகவே ஓடியது. அந்தப் பிசின் பிரான்சுக்குப் போய் அங்கே துணிகளில் அச்சிடும் சாயத்தைக் கெட்டியாக்கப் பயன்பட்டது. பாலைவனத்து மூர்கள் புதுச்சேரித் துணியை வாசனையிலும் தொடு உணர்விலுமே கண்டுபிடித்துவிடுவார்கள். பிரான்சின் ரூவான் நகரத்து ஆலைகள் செய்த போலியை அவர்கள் தொடவில்லை. தாழியின் நொதிப்பு வாசம் துணியோடு கடல் தாண்டிப் போய் வணிக முத்திரையாக வேலை செய்திருக்கிறது. இந்தத் தேவையை நம்பித்தான் 1820-களின் இறுதியில் புதுச்சேரியில் இயந்திர ஆலை வந்தது. பிறகு சவானா என்று பெயர் பெற்றது.

செயற்கை நீலம் எல்லாவற்றையும் மாற்றியது. வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் இண்டிகோட்டினின் அமைப்பை 1883-இல் தீர்மானித்தார். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு உலகில் செடியிலிருந்து எடுத்த நீலம் ஏறத்தாழ 19,000 டன். 1914-இல் அது 1,000 டன்னாகச் சுருங்கிவிட்டது. இன்று ஜீன்ஸ் ஒன்றுக்கு 3 முதல் 12 கிராம் நீலம் செலவாகிறது. கிட்டத்தட்ட முழுவதும் பெட்ரோலிய வழி வந்ததுதான். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செடியில் வந்த இண்டிகோட்டினும் ஆலையில் வந்த இண்டிகோட்டினும் மூலக்கூறளவில் ஒன்றே. ‘இயற்கை நீலம் உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. வித்தியாசம் அதைச் செய்யும் வழியிலும், கழிவிலும், செய்கிறவருக்குக் கிடைக்கும் கூலியிலும், வேலை தரும் சந்தோஷத்திலும் இருக்கிறது. அதுவே போதுமான வித்தியாசம்.

அந்தச் சந்தோஷத்தின் ஒரு துளியை வீட்டிலேயே ருசிக்கலாம். நீலத் தாழி வைக்க இடமும் பொறுமையும் வேண்டும். கடுக்காய்க்கு இரண்டும் தேவையில்லை. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த்தூள் வாங்கி, வெந்நீரில் கலக்கி, கஞ்சி நீக்கித் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை அதில் ஊறவைத்துக் காயவையுங்கள். துருப்பிடித்த ஆணிகளை வினிகரிலோ வெல்லநீரிலோ சில நாள் போட்டு, மூடியை இறுக்காமல் வையுங்கள். அந்த நீரைத் தூரிகையால் தொட்டுத் துணியில் ஒரு கோடு இழுங்கள். தூரிகையில் பழுப்பாக இருந்தது துணியில் பட்டதும் கறுக்கும். டானினும் இரும்பும் கைகோக்கும் இடம் அது. இரும்பைக் கொஞ்சமாகவே பயன்படுத்துங்கள். நாளாவட்டத்தில் அது இழையை அரிக்கும். பழைய பூத்துணிகளில் பல இடங்களில் கறுப்புக் கோடு மட்டும் உதிர்ந்து ஓட்டையாகி இருப்பது இதனால்தான்.

கைச்சாயம் போட்ட நீலத் துணி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீலம் பருத்தியோடு வேதிப் பிணைப்பு எதையும் போடுவதில்லை. இழையின் வெளிவட்டத்தில் சிக்கிக் கிடக்கிறது. மேலே ஒட்டிய துகள்கள் உராய்ந்தால் உதிரும். ஜீன்ஸின் முழங்கால் வெளுப்பதும் இதனால்தான். பாலைவனத்து மக்களுக்கு அந்த உதிர்வு பிடித்திருந்தது. தோலில் நீலம் ஏற ஏற அணிந்தவருக்குப் பெருமை. உங்கள் வெள்ளை வேட்டிக்கு அந்தப் பெருமை வேண்டாம். முதல் சில முறை தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள்.